ரூபாய்க்குப் பத்துப் பைசா

வீட்டு வரி ரசீது எல்லார் வீட்டிலும் எங்காவது கிடக்கும். பீரோ லாக்கரில், பழைய காலண்டருக்குப் பின்னால், கரண்ட் பில் அட்டையோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு. அதை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். சொத்து வரிக்குப் பக்கத்தில் 'நூலக வரி' என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலோர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்கு அதைக் கவனிப்பதுதான் பிழைப்பாக இருந்தது. தென் மாவட்ட நகராட்சிகளில் பில் கலெக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்று, சொந்த ஊரான திருமங்கலத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கார்பன் தாள் வைத்துக் கையால் ரசீது எழுதிய காலத்திலும் அந்தக் கட்டம் இருந்தது. செல்போனிலேயே வரி கட்டும் இந்தக் காலத்திலும் இருக்கிறது.

கணக்கு ரொம்ப எளிது. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. அரையாண்டுக்கு ஆயிரம் ரூபாய் கட்டுகிற வீடு, அதற்கு மேல் நூறு ரூபாயை நூலகத்துக்கென்று கட்டுகிறது. கிராம ஊராட்சியில் வீட்டு வரி நூறு என்றால் ரசீது நூற்றுப் பத்துக்கு. அந்தப் பத்து எதற்கு என்று கேட்டால், கட்டுகிறவருக்கும் தெரியாது, சில இடங்களில் வாங்குகிறவருக்கும் தெரியாது. 2022இல் நகராட்சிகளில் சொத்து வரியை 25 முதல் 100 சதவீதம் வரை ஏற்றினார்கள். ஊரே கொதித்தது. வரி ஏறினால் அதில் பத்தில் ஒரு பங்கான நூலக வரியும் தானாக ஏறும். ஏறிய அந்தப் பணம் எந்த ஊரில் எத்தனை நாற்காலியாக மாறியது என்று அந்தக் கொதிப்பில் ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஒரே ஒருவர் கேட்டிருக்கிறார். சர்வீஸில் இருந்தபோது, ஓர் ஊரில், சந்துக்குள் இட்லிக் கடை வைத்திருந்த கிழவி. இரண்டு அரையாண்டு பாக்கி. ரசீதுப் புத்தகத்தை முழங்காலில் வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். மொத்தத்தைச் சொன்னதும் பிரித்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"ஏப்பா, கைநாட்டு வைக்கிறவகிட்ட லைப்ரரிக்குத் துட்டுக் கேக்குறியே, நல்லாருக்கா?"

"உங்க பேத்தி போகும்ல ஆத்தா."

"போறாதான். ஒத்த ஃபேனு, அதுவும் ஓடலங்கிறா. நாங்க குடுக்குற காசு எங்க போவுதுன்னு கேட்டுட்டு வந்து சொல்லு."

சுருக்குப் பையை அவிழ்த்துக் கட்டிவிட்டார். நான் அலுவலகத்துக்குப் போய் யாரிடம் கேட்பது? கேட்டால் சொல்வதற்கு அங்கே ஒரு கணக்குத் தாள் இருந்தால்தானே?

அந்தத் தாளைத்தான் இப்போது கேட்கிறேன். தமிழ்நாட்டில் உள்ள ஒவ்வொரு பொது நூலகத்தின் வாசலிலும் மூன்று எண்களை எழுதிப் போட வேண்டும். இந்த ஊரில் போன ஆண்டு வசூலான நூலக வரி எவ்வளவு. அதில், இந்த வரியை வாங்கி நூலகங்களை நடத்துகிற மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு. இந்த நூலகத்துக்குச் செலவானது எவ்வளவு. ரேஷன் கடையில் அரிசி, சீனி இருப்பு எழுதிப் போடுகிற பலகை மாதிரி ஒன்று போதும். பெயிண்டுக்கும் பலகைக்கும் ஆயிரம் ரூபாய் ஆகலாம்.

இந்த வரி எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இப்படியொரு சட்டம் அதுதான் முதல். கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் கொண்டுவந்தார். அதற்காகப் பல ஆண்டுகள் ஒற்றைக்காலில் நின்றவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். கணக்கு வாத்தியார் என்பதால்தானோ என்னவோ, நூலகத்தைப் பெரிய மனிதர்களின் நல்ல மனதை நம்பி விடவில்லை. வரியோடு சேர்த்து முடிச்சுப் போட்டார். முதலில் ரூபாய்க்கு ஆறு பை. ஒரு ரூபாய்க்கு 192 பை இருந்த காலம் அது, ஆக நூற்றுக்கு மூன்று சொச்சம். பிறகு படிப்படியாக ஏறி இன்று பத்து.

நல்ல மனதுக்காரர்களைக் குறைத்துப் பேசவில்லை. 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். நடமாடும் நூலகம் என்று இன்றைக்கு வேனில் போவதற்கெல்லாம் தாத்தா அந்த வண்டி. ஆனால் வண்டிக்காரருக்குக் கூலி, மாட்டுக்குத் தீவனம், கிழிந்த அட்டைக்கு பைண்டிங் என்று மாதாமாதம் ஒருவர் தன் கையிலிருந்தே கொடுத்துக்கொண்டிருக்க முடியுமா? அவர் காலத்துக்குப் பிறகு யார் கொடுப்பது? அந்தக் கேள்விக்கு விடைதான் நூலக வரி. தானமாக இருந்ததை 1948 உரிமையாக மாற்றியது.

இனி, உள்ளே இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். வசூலிக்கிற நூலக வரி ஏன் நூலகத்துக்குப் போய்ச் சேரத் தாமதமாகிறது?

நகராட்சியில் வருவாய் நிதி, குடிநீர் நிதி, கல்வி நிதி என்று தனித்தனிக் கணக்குகள் உண்டு. நூலக வரிக்கு அப்படியொரு வீடு கிடையாது. பொதுவான கல்லாவில் விழும்; ஏட்டில் மட்டும் 'செலுத்த வேண்டியது' என்று கடனாக நிற்கும். மாதம் பிறந்தால் கமிஷனர் மேஜையில் என்ன இருக்கும்? சம்பளப் பட்டியல். தெருவிளக்குக்கும் பம்ப் ஹவுஸுக்கும் கரண்ட் பில். குப்பை லாரிக்கு டீசல். ஒப்பந்ததாரர் பில். சம்பளம் போடாவிட்டால் ஆட்கள் வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். மின்வாரியம் ஃபியூஸைப் பிடுங்கும். ஒப்பந்ததாரர் கவுன்சிலரைக் கூட்டிக்கொண்டு வருவார். நூலக ஆணைக்குழு என்ன செய்யும்? கடிதம் எழுதும். கடிதத்தை ஃபைலில் போடுவோம், அதற்கு நினைவூட்டு வரும், அதையும் அதே ஃபைலில் போடுவோம். நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் அந்த ஃபைல் இரண்டாம் பாகத்துக்குப் போய்விட்டிருந்தது. தணிக்கை நெருங்கும்போது ஒரு தொகையை அனுப்புவார்கள். மிச்சம் நிலுவையோடு நிலுவையாகப் படுத்துக்கொள்ளும். யாரும் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகவில்லை. பணம் தட்டுப்பாடு, கேட்கிறவருக்குக் குரல் இல்லை, அவ்வளவுதான் விஷயம். உள்ளாட்சிகள் நூலக வரியைக் கோடிக்கணக்கில் பாக்கி வைத்திருப்பதாக அவ்வப்போது செய்தி வருகிறதே, அதன் பின்னால் இருக்கிற கதை பெரும்பாலும் இதுதான்.

திருமங்கலத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மதுரைக்குத் தென்மேற்கே இருபது கிலோமீட்டர். கன்னியாகுமரி நாற்கரச் சாலையிலிருந்து ராஜபாளையம் வழியாகக் கொல்லம் போகிற சாலை பிரிகிற ஊர். குண்டாறு இருக்கிறது, தண்ணீர் வந்தால் ஆறு. ஒரு பக்கம் கப்பலூர் சிட்கோ. இன்னும் கொஞ்சம் தள்ளி எய்ம்ஸ் வருகிற தோப்பூர். கள்ளிக்குடி, செக்கானூரணி, சேடபட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் இறங்கி பஸ் மாறுகிற ஊர். 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு, ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு 'திருமங்கலம் ஃபார்முலா' என்று எங்கள் பெயரைத் தேர்தல் அகராதியிலேயே ஏற்றிவிட்டார்கள். எங்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதை நாடே பேசியது. எங்களிடம் வரியாக வாங்குவது எங்கே போகிறது என்று பேச அப்புறம் யாருக்கு நேரம்?

இப்படிப்பட்ட ஒரு சந்திப்பு ஊரில் நூலகத்துக்கு யார் வருகிறார்கள்? காலையில் என்னைப் போன்ற பென்ஷன்காரர்கள். கதவு திறந்ததும் தினத்தந்திக்கு ஒரு சின்னப் போட்டி நடக்கும். ஒருவர் நடுப்பக்கத்தை உருவிக்கொள்வார், இன்னொருவர் மாவட்டச் செய்தியை. இது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆனால் நாள் முழுக்க இருப்பவர்கள் நாங்கள் இல்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள். 2024இல் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு 20 லட்சத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தது. அதில் கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள் எத்தனை பேர்? மற்றவர்களுக்கு நூலகம்தான் கோச்சிங் சென்டர். அவர்கள் நாவல் கேட்பதில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்ப் பாடப் புத்தகத்தையும் சமூக அறிவியலையும் அவர்களே கொண்டுவருகிறார்கள், மூன்று நிறத்தில் அடிக்கோடு போட்டு. நூலகத்திடம் கேட்பது உட்கார ஒரு நாற்காலி, தலைக்கு மேல் ஃபேன், வெளிச்சம், பேச்சுச் சத்தம் இல்லாத நான்கு சுவர். வீட்டில் இந்த நான்கும் சேர்ந்து கிடைக்காத பிள்ளைகள் அவர்கள்.

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் ஒரு கிளை நூலகம். ஊர் பெயர் வேண்டாம். ஓர் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போன இடத்தில் நேரம் போகாமல் உள்ளே போய் உட்கார்ந்தேன். எதிர் மேஜையில் ஒரு பெண். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். பக்கத்தில் சில்வர் டிபன் பாக்ஸ், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். சித்திரை வெயில், எனக்கே நாக்கு ஒட்டுகிறது. மதியம் வரை அந்த பாட்டிலின் மூடி திறக்கவே இல்லை. மதியம் சாப்பிடும்போதும் மூடியில் ஊற்றி ஒரு வாய் நனைத்துக்கொண்டதோடு சரி.

"தண்ணி குடிக்கலாம்லம்மா, இந்த வெயில்ல?"

"குடிச்சா போகணும்ல தாத்தா."

அப்புறம்தான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கழிப்பறை இருக்கிறது. பூட்டியிருக்கிறது. தண்ணீர்க் குழாய் இணைப்பு இல்லை என்பதால் பூட்டு. எழுதிக் கேட்டிருக்கிறோம் என்றார் நூலகர். அவர் பாவம். கதவு திறப்பதும் அவர், பெருக்குவதும் அவர், பதிவேடு எழுதுவதும் அவர். புத்தகம் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே என்பதால் நல்ல புத்தகங்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஊரில் நாலு தெருவில் வசூலிக்கிற நூலக வரியில் குழாய் இணைப்பு முடிந்துவிடும் என்பதுதான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பில் கலெக்டர் புத்தி.

நூலக வரியை எதற்குச் செலவழிப்பது என்ற குழப்பம் நமக்கு மட்டும் வந்ததல்ல. இங்கிலாந்தில் 1850இல் நூலகச் சட்டம் வந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. நகரங்கள் பவுனுக்கு அரைப் பென்னி நூலக வரி போடலாம், ஆனால் அதில் புத்தகம் வாங்கக் கூடாது என்று விதி. கட்டடத்துக்கும் ஆட்களுக்கும்தான் அந்தப் பணம்; புத்தகத்தை யாராவது தானமாகத் தருவார்கள் என்று நினைத்தார்கள். ஐந்து வருடத்தில் திருத்திக்கொண்டார்கள். நம் ஊரில் அதற்குத் தலைகீழ். புத்தகக் கட்டு சென்னையில் முடிவாகி வந்து இறங்கும். ஃபேன் ரெகுலேட்டர் வராது. புத்தகக் கொள்முதலுக்கு 2024இல் வெளிப்படையான கொள்கை என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள், பதிப்பாளர்கள் இணையத்திலேயே விண்ணப்பிக்கிறார்கள். நல்ல காரியம். புத்தகம் வாங்குவதில் வந்த அந்த வெளிச்சம் வரிக் கணக்கிலும் வர வேண்டாமா?

மதுரை புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைத் திறந்தார்கள். இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேல். கட்டடம், புத்தகம், மேஜை நாற்காலி, கருவிகள் எல்லாம் சேர்த்து சுமார் 215 கோடி ரூபாய். பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். குழந்தைகள் பகுதியை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தான். மதுரைக்கு அது வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சே கிடையாது. ஆனால் திருமங்கலத்திலிருந்து அங்கே போக பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு பஸ் ஏற வேண்டும். போய் வருவதற்குள் அரை நாள் கழிந்துவிடும். சேடபட்டிப் பக்கத்துப் பிள்ளைக்கு அது சுற்றுலா. தினம் போகிற நூலகம் அவளுக்கு நடந்து போகிற தூரத்தில்தான் இருக்க வேண்டும்.

ஊருக்கு ஊர் கட்டினால் மட்டும் போதாது, நடத்தவும் வேண்டும். ஆண்ட்ரூ கார்னகி என்ற அமெரிக்க இரும்பு முதலாளி உலகம் முழுக்க 2,500 நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை. நான் கட்டித் தருகிறேன், கட்டிய செலவில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் உன் ஊர் வரியிலிருந்து நடத்துவதற்கு ஒதுக்கு, இல்லையென்றால் பணம் கிடையாது என்பது அவருடைய வழக்கமான நிபந்தனை. அவருடைய ஆலைத் தொழிலாளிகள் அவரைப் பற்றி வேறு மாதிரி சொல்வார்கள், அது இருக்கட்டும். கட்டுகிற செலவு ஒரு தடவை, நடத்துகிற செலவு காலம் முழுக்க என்பது அந்த முதலாளிக்குத் தெரிந்திருந்தது. நாம் 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஒரு நூலகம் என்று கட்டினோம். பன்னிரண்டாயிரத்துக்கு மேல் ஊராட்சி உள்ள மாநிலத்தில் அது எவ்வளவு பெரிய கனவு! அதைத் திறந்து மூடிப் பார்த்துக்கொள்கிறவருக்கு மாதம் 750 ரூபாய் மதிப்பூதியம் வைத்தோம். இன்றைக்கு எத்தனை ஊராட்சியில் அந்தக் கட்டடம் நூலகமாக இருக்கிறது, எத்தனை ஊரில் பூட்டிக் கிடக்கிறது என்பதைக் கிராமத்தில் இருப்பவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

என் யோசனைக்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஊர் ஊராகக் கணக்கு எழுதிப் போட்டால், எங்கள் ஊர் வரி எங்கள் ஊருக்கே என்று நகரத்துக்காரர்கள் கிளம்புவார்களே, ஏழை ஊராட்சி என்ன செய்யும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்நூறு வீடு, வீட்டுக்கு ஆண்டுக்கு நூறு ரூபாய் வரி. நூலக வரி மொத்தம் ஐயாயிரம். இரண்டு நாளிதழ் சந்தாவில் தீர்ந்துவிடும். அதனால்தான் சட்டம் வரியை ஊர் அளவில் விடாமல் மாவட்ட ஆணைக்குழுவில் சேர்க்கிறது. அது சரியான ஏற்பாடு. திருமங்கலம், மேலூர், மதுரை போன்ற ஊர்கள் கொடுத்து, மானாவாரிக் காட்டு ஊராட்சிகள் வாங்கட்டும். சில ஊர்ப் பலகையில் மூன்றாவது எண் முதல் எண்ணைவிடப் பெரிதாக இருக்கும்; இருக்க வேண்டும். எங்கள் பணம் கள்ளிக்குடிப் பக்கத்தில் ஓர் ஊர்ப்புற நூலகத்துக்குப் போகிறது என்று எழுதியிருந்தால் எனக்குப் பெருமைதான். எங்கே போகிறது என்றே எழுதாமல் இருப்பதுதான் பிரச்சினை.

இந்த வட்டாரத்துக்கு இது புதிய கேள்வியும் அல்ல. ராஜபாளையம் சாலையில் போனால் தே. கல்லுப்பட்டி. ஜே.சி. குமரப்பா தன் கடைசிக் காலத்தைக் கழித்த ஊர் அது. லண்டனில் படித்த ஆடிட்டர். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் ஆராய்ந்தது பொது நிதியையும் நம் நாட்டு வறுமையையும் பற்றித்தான். ஜனங்களிடம் எடுக்கிற வரி ஜனங்களுக்கே திரும்புகிறதா, வேறெங்காவது போகிறதா என்ற விசாரணை. வெள்ளைக்காரனிடம் அவர் கேட்ட கேள்வியை இட்லிக் கடைக் கிழவி என்னிடம் கேட்டார்.

செல்போன் இருக்கும்போது நூலகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் நீளமாகப் பதில் சொல்லப் போவதில்லை. செல்போனில் நாற்காலி இல்லை.

பலகையோடு இன்னும் இரண்டு காரியம் செய்தால் நல்லது. ஒன்று, வரி கட்டுகிற அந்த நொடியிலேயே நூலகப் பங்கு பிரிந்து ஆணைக்குழுவின் கணக்குக்குப் போய்விட வேண்டும். நகராட்சி வரியும் ஊராட்சி வரியும் இன்று இணையத்தில் கட்ட முடிகிறது. ஒரு சோப்புக் கட்டிக்குக் கொடுக்கிற ஜிஎஸ்டியை மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் பைசா சுத்தமாகப் பிரிக்கத் தெரிந்த நாட்டில், நூற்றுப் பத்து ரூபாயில் பத்தை மட்டும் பிரிக்க முடியாதா? கல்லாவில் விழாத பணத்துக்கு நினைவூட்டுக் கடிதம் தேவையில்லை. கமிஷனருக்கும் தலைவலி மிச்சம். இன்னொன்று, கிளை நூலகர் கையில் சில்லறைச் செலவுக்கென்று ஒரு தொகை இருக்க வேண்டும். டியூப் லைட் ஸ்டார்ட்டர், குழாய் வாஷர், பினாயில். இதற்கெல்லாம் எழுதிக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிற வேலையை எந்த மனிதனுக்கும் கொடுக்கக் கூடாது.

இப்போதைக்கு நூலகங்கள் இந்தச் சில்லறைக்கு நம்புவது புரவலர்களை. ஆயிரம் ரூபாய் கொடுத்தால் புரவலர், ஐயாயிரம் பெரும்புரவலர், பத்தாயிரம் கொடையாளர். பெயரைப் பலகையில் எழுதுவார்கள். நானும் ஒரு புரவலர்தான். என் பெயர் எழுதிய பலகையை வீட்டுக்காரியிடம் காட்டியும் இருக்கிறேன். யோசித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஒரு தடவை ஆயிரம் கொடுத்த என் பெயர் சுவரில் இருக்கிறது. ஆண்டு தவறாமல் கொடுக்கிற ஊரைப் பற்றி அந்தச் சுவரில் ஒரு எண்கூட இல்லை.

அரசு ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பல நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது. நூலக வாரத்துக்கு மாலை போட்டுப் பேசுவதோடு நிற்காமல், இந்த மூன்று எண்களையும் கேட்டு ஒரு தீர்மானம் போடலாம். அதுவும் நகரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் ஒரு மனு, பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். முதல் எண்ணும் இரண்டாவது எண்ணும் நகராட்சியிலோ ஊராட்சியிலோ கிடைக்கும். மூன்றாவது மாவட்ட நூலக அலுவலரிடம். எந்தத் தலைப்பில் கேட்டால் 'தகவல் இல்லை' என்று தட்டிக்கழிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் எழுதியவன் நான். மனு எழுதத் தெரியாதவர்கள் காலையில் நூலகத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறேன். ஸ்டாம்ப் மட்டும் நீங்கள் வாங்கி வர வேண்டும். வெள்ளிக்கிழமை வந்து ஏமாறாதீர்கள், அன்றைக்கு விடுமுறை.